மலேசிய வேலைக்கு இ-மைக்ரேட் அனுமதியும் 275 ரூபாய் காப்பீடும்: கொடுக்கிற காசுக்கு என்ன கிடைக்கிறது, எங்கே ஓட்டை

மலேசியாவில் கடை வேலை, ஹோட்டல் வேலை, தோட்ட வேலை என்று கிளம்புகிறவர்களுக்கு நம் ஊரில் இரண்டு வழி காட்டுவார்கள். காலிங் விசா (முதலாளி விண்ணப்பித்து மலேசிய அரசு தரும் வேலை விசா) வாங்கி, இ-மைக்ரேட் என்ற இந்திய அரசுத் தளத்தில் அனுமதி எடுத்து, காப்பீடு போட்டுப் போவது ஒன்று. "விசிட்டிங்ல போயிடு, அங்க போய் பெர்மிட் அடிச்சுக்கலாம்" என்பது இன்னொன்று. முதல் வழியை மத்திய வெளியுறவு அமைச்சகம் ஒரு சேவையாக நடத்துகிறது. அந்தச் சேவையையும், அதோடு கட்டாயமாக வரும் பிரவாசி பாரதிய பீமா யோஜனா என்ற காப்பீட்டையும் இங்கே எடை போடுகிறோம். தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம்: குறைகள் உண்டு, சில பெரிய குறைகள். ஆனாலும் அந்தப் பணத்துக்கு இவ்வளவு பாதுகாப்பு வேறு எங்கும் கிடைக்காது. இரண்டாவது வழியை இலவசமாகக் கொடுத்தாலும் வாங்கக் கூடாது.

முதலில் இது யாருக்கு என்று பார்க்க வேண்டும். பத்தாம் வகுப்பு தேறாதவர்களின் பாஸ்போர்ட் பெரும்பாலும் ஈ.சி.ஆர், அதாவது குடியேற்ற அனுமதி தேவைப்படும் வகையில் வரும். அந்த பாஸ்போர்ட்டோடு மலேசியா, வளைகுடா நாடுகள் உள்ளிட்ட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போக, 1983ஆம் ஆண்டின் குடியேற்றச் சட்டப்படி அனுமதி வாங்கியாக வேண்டும். பத்தாவது பாஸ் செய்திருந்தும் பாஸ்போர்ட்டில் ஈ.சி.ஆர் என்று இருந்தால், சான்றிதழைக் காட்டி மாற்றி வாங்கிக் கொள்ளலாம். ஆனால் மாற்றுவதில் ஒரு இழப்பும் உண்டு. ஈ.சி.ஆர் இல்லாதவருக்கு அனுமதி தேவையில்லை என்பதால் காப்பீடும் கட்டாயமில்லாமல் போய்விடுகிறது. அப்படிப் போகிறவர்கள் தாமாக இ-மைக்ரேட்டில் பதிவு செய்து கொள்ள வழி இருக்கிறது. அதைச் செய்துவிட்டுப் போவதுதான் நல்லது.

இப்போது செலவு. அனுமதிக் கட்டணம் 200 ரூபாய். காப்பீடு 2 ஆண்டுக்கு 275, 3 ஆண்டுக்கு 375, வரி தனி. உரிமம் பெற்ற ஏஜென்ட் வாங்கக் கூடிய சேவைக் கட்டணம் அதிகபட்சம் 30,000 ரூபாய். அதன் மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி சேர்த்தால் 35,400. இதற்கு மேல் ஏஜென்ட் எந்தப் பெயரில் சேவைக்குக் கேட்டாலும் அது சட்டத்துக்குப் புறம்பு. அந்த 35,400ஐயும் கையில் கொடுக்காமல் வங்கி வழியாகக் கொடுத்து ரசீது வாங்க வேண்டும். ரசீது கொடுக்கத் தயங்குகிற ஏஜென்டிடம் அங்கேயே பேச்சை முடித்துக் கொள்ளலாம்.

நடைமுறையில் லட்சக் கணக்கில் போவது ஏன்? உரிமம் இருக்கிற ஏஜென்ட் சென்னையிலோ திருச்சியிலோ உட்கார்ந்திருப்பார். ஆள் பிடித்துக் கொடுப்பவர் ஊருக்குள் இருக்கிற சப்-ஏஜென்ட். சட்டத்தில் சப்-ஏஜென்ட் என்று ஒருவருக்கு இடமே இல்லை. உரிமம் எடுக்க 50 லட்சம் ரூபாய் வங்கி உத்தரவாதம் கட்ட வேண்டும், சிறிய அளவில் நடத்துகிறவர்களுக்கு 8 லட்சம். சப்-ஏஜென்ட் எதுவும் கட்டியிருக்க மாட்டார். அவர் மீது வழக்குப் போட்டு நிரூபித்தாலும் 1983 சட்டத்தின் 24ஆவது பிரிவில் தண்டனை அதிகபட்சம் 2 ஆண்டு சிறை, 2,000 ரூபாய் வரை அபராதம். ஒருவரிடமே ஒன்றரை லட்சம் வாங்குகிற தொழிலில் 2,000 ரூபாய் அபராதத்துக்கு யார் பயப்படுவார்கள்? இந்தச் சேவையின் மிகப் பெரிய பலவீனம் இதுதான். அது தளத்தில் இல்லை, சட்டத்தில் இருக்கிறது.

ஒன்றரை லட்சத்தை மூணு வட்டிக்கு வாங்கினால் மாதம் 4,500 ரூபாய் வட்டிக்கே போகும். இந்த எண்ணை நினைவில் வைத்துக் கொள்ளுங்கள், சம்பளக் கணக்கு போடும்போது தேவைப்படும்.

வேலை நடக்கிற வரிசை இப்படி. மலேசிய முதலாளி இ-மைக்ரேட்டில் தன் நிறுவனத்தைப் பதிவு செய்து, எத்தனை ஆள், என்ன வேலை, என்ன சம்பளம் என்று கேட்புப் பதிய வேண்டும். அதை அங்குள்ள இந்தியத் தூதரகம் பார்த்து ஒப்புக்கொள்ள வேண்டும். அதற்குப் பிறகுதான் ஏஜென்ட் உங்கள் பெயரை அந்தக் கேட்பில் சேர்த்து, ஒப்பந்தம், விசா, காப்பீடு எல்லாவற்றையும் ஏற்றி அனுமதிக்கு அனுப்புவார். புறப்படுவதற்கு முன் ஒரு நாள் வழிகாட்டுப் பயிற்சியும் உண்டு. ஆக, தொழிலாளி கையில் எடுத்துச் செய்யக் கூடிய காரியம் இதில் மிகக் குறைவு. எல்லாம் முதலாளியின் கணக்கிலும் ஏஜென்டின் கணக்கிலும் நடக்கிறது. விண்ணப்பம் எங்கே நிற்கிறது என்று கேட்டால் "பிராசஸ்ல இருக்கு" என்பதே பதிலாக வரும். 2024 அக்டோபரில் தளத்தைப் புதுப்பித்து மொபைல் செயலியும் கொண்டு வந்தார்கள். பொதுச் சேவை மையங்கள் வழியாகவும் இந்த வசதிகளைக் கொடுக்க ஏற்பாடு செய்திருக்கிறார்கள். ஆனால் தொழிலாளி தானே தொடங்கித் தானே முடிக்கிற சேவையாக இது இன்னும் ஆகவில்லை.

உங்கள் கையில் இருப்பது சரிபார்ப்புதான். அதைப் பணம் கொடுப்பதற்கு முன் செய்ய வேண்டும். இ-மைக்ரேட் தளத்தில் உரிமம் உள்ள ஏஜென்டுகளின் பட்டியல் இருக்கிறது. பெயரை மட்டும் பார்த்தால் போதாது. ஒரே மாதிரிப் பெயரில் போலிகள் கடை விரிப்பது வழக்கம். உரிம எண், முகவரி, உரிமம் இன்றைக்கு நடப்பில் இருக்கிறதா, மூன்றையும் பாருங்கள். சட்டவிரோத ஏஜென்டுகள் என்று புகார் வந்தவர்களின் பட்டியலும் அதே தளத்தில் உண்டு. அங்கேயும் ஒருமுறை தேடிவிடுங்கள். தளத்தின் முகவரி ஜி.ஓ.வி.இன் (gov.in) என்று முடிய வேண்டும். வேறு எப்படி முடிந்தாலும் அது அரசுத் தளம் இல்லை. தமிழக அரசின் அயல்நாட்டு மனிதவள நிறுவனம் 1978இல் தொடங்கப்பட்டது. அதுவும் உரிமம் உள்ள ஆள்சேர்ப்பு நிறுவனம்தான். அங்கே நர்ஸ், டெக்னீஷியன், டிரைவர் போன்ற வேலைகளுக்கே அதிகம் அறிவிப்பு வருகிறது. கடை வேலை தேடுகிறவருக்கு உடனே பலன் தராமல் போகலாம், ஆனாலும் பார்த்துவிட்டு நகர்வதில் நஷ்டம் இல்லை.

இன்னொரு விஷயமும் தெரிந்திருக்க வேண்டும். 2023 மார்ச்சில் மலேசியா புதிய அந்நியத் தொழிலாளர் கோட்டாவை நிறுத்தியது. ஏற்கெனவே ஒப்புதல் கிடைத்த ஆட்கள் வந்து சேர 2024 மே 31 கடைசி நாள் என்றது. அன்று விமானம் ஏற முடியாமல் நின்றவர்கள் பல நாடுகளிலும் இருந்தார்கள். அதற்குப் பிறகு கதவு திறந்ததெல்லாம் குறிப்பிட்ட சில துறைகளுக்குத்தான். எனவே "எந்தக் கடைக்கு வேணும்னாலும் ஆள் எடுக்கறாங்க, அடுத்த வாரம் ஃப்ளைட்" என்று ஒருவர் சொன்னால், காலிங் விசாவைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். முதலாளி பெயர், உங்கள் பாஸ்போர்ட் எண், வேலைத் துறை மூன்றும் அதில் பொருந்த வேண்டும்.

அடுத்தது ஒப்பந்தம். இந்தச் சேவையில் மிகவும் மதிப்புள்ள ஒரு தாள் இதுதான். அதிகம் அலட்சியப்படுத்தப்படுவதும் இதுதான். இ-மைக்ரேட்டில் ஏறும் ஒப்பந்தத்தில் முதலாளி பெயர், வேலை, அடிப்படைச் சம்பளம், வேலை நேரம், ஒப்பந்தக் காலம், தங்குமிடம், சாப்பாடு, விமான டிக்கெட் யார் பொறுப்பு என்பதெல்லாம் இருக்கும். ஆங்கிலத்தில் இருப்பதால் படிக்காமலே கையெழுத்துப் போடுகிறார்கள். பிறகு கோலாலம்பூரில் இறங்கியதும் இன்னொரு தாளை நீட்டுவார்கள். சம்பளம் குறைந்திருக்கும், வேலை மாறியிருக்கும். ஏற்கெனவே கடனில் வந்தவர் அங்கே மறுக்க முடியாது. முதல் ஒப்பந்தத்தின் நகல் உங்களிடம் இருந்தால்தான் தூதரகத்தில் பேச முடியும். பக்கம் பக்கமாகப் படம் எடுத்து வீட்டு வாட்ஸ்அப்புக்கு அனுப்பிவிட்டுத்தான் விமான நிலையத்துக்குக் கிளம்ப வேண்டும். காப்பீட்டுத் தாள், காலிங் விசா, பாஸ்போர்ட்டின் முதல் பக்கமும் கடைசிப் பக்கமும் அதோடு சேரட்டும்.

சம்பள வரியை மட்டும் தனியாக எடுத்துப் பார்ப்போம். மலேசியாவில் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 ரிங்கிட். 5 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடங்களுக்கு 2025 பிப்ரவரி 1 முதலும், மற்ற எல்லா இடங்களுக்கும் ஆகஸ்ட் 1 முதலும் இது நடைமுறைக்கு வந்தது. வீட்டு வேலையைத் தவிர அந்நியத் தொழிலாளர்களுக்கும் இது பொருந்தும். "1,700 சம்பளம், 12 மணி நேர டூட்டி" என்று ஒப்பந்தத்திலோ வாய்ப்பேச்சிலோ வந்தால் உடனே கணக்குப் போடுங்கள். 1,700ஐ 26 நாளால் வகுத்து, 8 மணி நேரத்தால் வகுத்தால் மணிக்கு 8 ரிங்கிட் 17 சென். மேல்வேலைக்கு அதில் ஒன்றரை மடங்கு, அதாவது 12 ரிங்கிட் 26 சென். நாளுக்கு 4 மணி நேரம் மேல்வேலை என்றால் 26 நாளில் 104 மணி நேரம். ஒரு மாதத்தில் சட்டம் அனுமதிக்கும் உச்ச அளவும் அதுவே. அதன் மதிப்பு சுமார் 1,275 ரிங்கிட். 12 மணி நேரம் நின்றுவிட்டு 1,700ஐ மட்டும் வாங்கிக் கொண்டு வருகிறவர், மாதா மாதம் அந்த 1,275ஐ முதலாளிக்கு விட்டுக்கொடுக்கிறார்.

பிடித்தம் எவ்வளவு இருக்கலாம்? தங்குமிடத்துக்கு அதிகபட்சம் 100 ரிங்கிட். 2025 அக்டோபர் சம்பளம் முதல் அந்நியத் தொழிலாளருக்கும் இ.பி.எஃப் என்ற சேமநிதிக்கு 2 சதவீதம், அதாவது 34 ரிங்கிட். சொக்சோ என்ற மலேசியத் தொழிலாளர் சமூகப் பாதுகாப்புத் திட்டத்துக்கு 8 ரிங்கிட் சொச்சம். அந்நியத் தொழிலாளரை வைத்திருப்பதற்காக மலேசிய அரசுக்குக் கட்டும் ஆண்டு லெவியை முதலாளிதான் கட்ட வேண்டும், 2018 முதல் அதுதான் விதி. லெவி என்று சொல்லி உங்கள் சம்பளத்தில் கை வைத்தால் அது முறைகேடு. மீதி 1,555 ரிங்கிட் என்று வைத்துக் கொள்வோம். விலைவாசி ஏறியபோது 2023 ஜனவரியில் அரசு கொண்டு வந்த ரஹ்மா மெனுவில் ஒரு சாப்பாடு 5 ரிங்கிட். மூன்று வேளையும் அந்த விலைக்கே கிடைத்தாலும் மாதம் 450. போன், சோப்பு, பஸ், மருந்து எல்லாம் சேர்த்து 150. ஆக 950 ரிங்கிட் அனுப்பலாம். ரிங்கிட்டுக்கு 20 ரூபாய் என்று கணக்கிட்டால் 19,000. அதில் வட்டிக்கு 4,500 போனால் வீட்டுக்கு 14,500. அசல் அப்படியே நிற்கிறது. 35,400க்குள் முடித்துப் போனவருக்கு இரண்டே மாதத்தில் கடன் அடையும். கட்டண உச்சவரம்பை ஏன் விடாப்பிடியாகப் பிடிக்க வேண்டும் என்பது இந்தக் கணக்கைப் பார்த்தாலே தெரியும்.

இனி காப்பீடு. 275 ரூபாய்க்கு இது தருவது: விபத்தில் இறந்தாலும், வேலையை இழக்கும் அளவுக்கு நிரந்தர ஊனம் ஏற்பட்டாலும் 10 லட்சம் ரூபாய். முதலாளியோ இடமோ மாறியிருந்தாலும் இந்தத் தொகை உண்டு. நோய், காயம் என்று மருத்துவமனையில் சேர்ந்தால் மொத்தம் 1 லட்சம் வரை, ஒரு தடவைக்கு 50,000 வரை. வேலை தொடர்பான வழக்குச் செலவுக்கு 45,000 வரை. பெண் தொழிலாளர்களுக்குப் பிரசவச் செலவு 35,000, அறுவைச் சிகிச்சை என்றால் 50,000. தொழிலாளி இறந்தாலோ நிரந்தரமாக முடங்கினாலோ, இந்தியாவில் இருக்கும் மனைவி அல்லது கணவருக்கும் 21 வயது வரை உள்ள முதல் இரண்டு பிள்ளைகளுக்கும் மருத்துவமனைச் செலவு 50,000 வரை.

பலருக்குத் தெரியாத பிரிவு ஒன்று இருக்கிறது. போய் இறங்கியதும் முதலாளி வந்து அழைத்துப் போகவில்லை, அல்லது ஒப்பந்தத்தை உங்களுக்குப் பாதகமாக மாற்றிவிட்டார், அல்லது உங்கள் தவறு இல்லாமல் இடையிலேயே வேலையை முடித்துவிட்டார் என்றால், ஊர் திரும்ப ஒருவழி விமானக் கட்டணம் இந்தக் காப்பீட்டில் கிடைக்கும். இரண்டு நிபந்தனை உண்டு. காரணத்தைத் தூதரகம் சான்றளிக்க வேண்டும், டிக்கெட் ஆதாரத்தை அசலாகக் கொடுக்க வேண்டும். எரிச்சலில் டிக்கெட் போட்டு ஊருக்கு வந்துவிட்டு, பிறகு கேட்டால் கிடைக்காது. முதலில் தூதரகம், பிறகு டிக்கெட் என்ற வரிசை மாறக் கூடாது. தூதரகமே டிக்கெட் போட்டு அனுப்பினால் காப்பீட்டு நிறுவனம் அந்தத் தொகையைத் தூதரகத்துக்குக் கொடுத்துவிடும்.

ஓட்டை எங்கே என்றால், 10 லட்சம் விபத்து மரணத்துக்கு மட்டும். மாரடைப்பு, தூக்கத்தில் இறப்பு என்று சான்றிதழில் வந்தால் அந்தத் தொகை இல்லை. வெயிலிலும் இரட்டை ஷிஃப்டிலும் தேய்ந்து போன உடம்பு நின்றுவிடுவதை "இயற்கை மரணம்" என்று ஒரு சொல்லில் எழுதிவிடுகிறார்கள், அந்தச் சொல்லிலேயே ஒரு குடும்பத்தின் 10 லட்சம் போய்விடுகிறது. இந்தத் திட்டத்தில் திருத்த வேண்டியது ஒன்றே ஒன்று என்றால் அது இதுதான். வேலைக் காலத்தில் நேரும் எந்த மரணத்துக்கும் ஒரு தொகை இருக்க வேண்டும். அதுவரை குடும்பம் செய்யக் கூடியது, விபத்து என்று சந்தேகம் இருந்தால் போலீஸ் அறிக்கை, பிரேதப் பரிசோதனை அறிக்கை இரண்டையும் உடல் வருவதற்கு முன்பே தூதரகம் வழியாகக் கேட்பது. உடலை அடக்கம் செய்த பிறகு காரணத்தை மாற்றுவது மிகக் கடினம். உடலைக் கொண்டு வரும் செலவையும், உடன் வரும் ஒருவரின் விமானக் கட்டணத்தையும் கேட்பதற்கு, பயணம் முடிந்து 90 நாளுக்குள் காப்பீட்டு நிறுவனத்துக்குத் தகவல் போக வேண்டும்.

கோரிக்கைகள் சிக்குவதற்குக் காரணம் பெரும்பாலும் சின்ன விஷயங்கள். பாலிசித் தாள் ஏஜென்டிடமே இருக்கும், வீட்டில் யாருக்கும் அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. வாரிசுப் பெயரில் எழுத்துப்பிழை இருக்கும். இடையில் பாஸ்போர்ட் புதுப்பித்திருப்பார், பாலிசியில் பழைய எண் இருக்கும். பழைய பாஸ்போர்ட்டைத் தூக்கிப் போடாமல் வைத்திருந்தால் இந்தக் கடைசிச் சிக்கல் தீர்ந்துவிடும். இதோடு மலேசியாவின் சொக்சோவும் தனியாக இருக்கிறது. 2019 முதல் வேலையில் நேரும் விபத்துக்கும், 2024 ஜூலை முதல் இயலாமைக்கும் அந்நியத் தொழிலாளர்கள் அதில் வருகிறார்கள். இயற்கை மரணம் என்று இந்தியக் காப்பீடு கைவிரித்தாலும் சொக்சோவில் கேட்டுப் பார்க்க வேண்டும். சம்பளச் சீட்டில் சொக்சோ பிடித்தம் இருப்பதே அதற்கு ஆதாரம்.

விசிட்டிங் வழி ஏன் இதற்கு மாற்று ஆகாது? 2023 டிசம்பர் 1 முதல் இந்தியர்கள் 30 நாள் விசா இல்லாமல் மலேசியா போகலாம். சுற்றுலாவுக்கு நல்ல வசதி, ஆள் கடத்துகிறவர்களுக்கும் அதுவே வசதியாகிவிட்டது. வருகைப் பதிவு அட்டையை இணையத்தில் இலவசமாக நிரப்பலாம், அதற்கும் "டாக்குமென்ட் சார்ஜ்" என்று காசு வாங்குகிறார்கள். திருச்சியிலோ சென்னையிலோ இமிகிரேஷனில் கேள்வி கேட்டு ஆஃப்லோட் செய்தால், அதாவது விமானம் ஏற விடாமல் திருப்பி அனுப்பினால், கொடுத்த பணம் திரும்பாது. தப்பி உள்ளே போனாலும், சுற்றுலாவாக நுழைந்தவர் அங்கேயே தொழிலாளர் பெர்மிட்டுக்கு மாற முடியாது. காலிங் விசாவோடு வெளியிலிருந்து நுழைந்தால்தான் பெர்மிட். 31ஆவது நாள் ஓவர் ஸ்டே தொடங்கிவிடுகிறது. மலேசியக் குடிநுழைவுச் சட்டத்தில் அதற்கு 10,000 ரிங்கிட்டுக்குக் குறையாத அபராதம் அல்லது 5 ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும். சரியான அனுமதியில்லாமல் நுழைந்து இருப்பவர்களுக்கு 6 பிரம்படி வரையும் உண்டு. அதைத் தெரிந்த முதலாளி சம்பளத்தை நிறுத்தினாலும் நீங்கள் யாரிடமும் போக மாட்டீர்கள் என்பது அவருக்குத் தெரியும். உங்களைக் குறைந்த கூலிக்கு வைத்திருக்க அவருக்கு அதுவே போதும். விபத்து நடந்தால் பீமா யோஜனா இல்லை, சொக்சோ கட்டியிருக்க மாட்டார்கள்.

ஏற்கெனவே அப்படி மாட்டியிருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. மலேசிய அரசு அவ்வப்போது தாமாகத் திரும்பும் திட்டம் அறிவிக்கிறது. 2024 மார்ச் 1 முதல் டிசம்பர் 31 வரை ஒன்று நடந்தது, அடுத்தது 2025 மே 19 முதல் 2026 ஏப்ரல் 30 வரை என்று அறிவித்தார்கள். அதில் ஓவர் ஸ்டேக்கு 500 ரிங்கிட், பெர்மிட் நிபந்தனை மீறியவர்களுக்கு 300 ரிங்கிட் தண்டம், சிறப்பு பாஸுக்கு 20 ரிங்கிட். இதற்கு நடுவில் ஆள் தேவையில்லை. "பேர் எழுதித் தரேன்" என்று ஆயிரக்கணக்கில் கேட்பவருக்குக் கொடுக்காதீர்கள். பாஸ்போர்ட் முதலாளியிடம் மாட்டியிருந்தால் இந்தியத் தூதரகத்தில் அவசரச் சான்றிதழ் கேளுங்கள். கையில் டிக்கெட்டுக்குப் பணமே இல்லாத நிலையில், தூதரகத்தின் இந்திய சமூக நல நிதியிலிருந்து உதவி கேட்கலாம். வீட்டிலிருப்பவர்கள் வெளியுறவு அமைச்சகத்தின் 'மதத்' (MADAD) என்ற புகார்த் தளத்தில் புகார் பதிந்து எண்ணை வாங்கி வைத்தால், தூதரகத்தில் பேசும்போது அந்த எண்ணைச் சொல்லிக் கேட்க முடியும்.

முறையாகப் போனவர்களுக்குக் கடைசியாக ஒன்று. மலேசிய பெர்மிட்டை ஆண்டுதோறும் புதுப்பித்து 10 ஆண்டு வரை ஓட்டலாம். 275 ரூபாய் பாலிசி 2 ஆண்டில் முடிந்துவிடும். பெர்மிட்டை முதலாளி புதுப்பிப்பார், பாலிசியைப் புதுப்பிக்கச் சொல்லி யாரும் கூப்பிட மாட்டார்கள். இணையத்திலேயே புதுப்பிக்கலாம். முடிகிற தேதியைப் போனில் ஒரு மாதம் முன்னதாக நினைவூட்டலாகப் போட்டு வையுங்கள், வீட்டில் மனைவி போனிலும் அதே தேதியைப் போடச் சொல்லுங்கள்.